கொள்ளி வைப்பதும் கொளுத்துவதும்: கொடி எரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்த ஒரு பையன், அன்று இரவே ஏதோ ஒரு நாட்டுத் தெருவில் கொடியை எரிக்கிற காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறான். அடுத்த சனிக்கிழமை எங்கள் வாசிகசாலைக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டான்: "சேர், கோயில்ல கொடிச்சீலையைச் சுற்றிக் கொண்டுவந்து ஏத்தினாங்க, எல்லாரும் கும்பிட்டாங்க. ராத்திரி டீவியில ஒரு கொடியை மிதிச்சு எரிச்சாங்க. ரெண்டும் சீலைதானே?"

அன்று தொடங்கிய பேச்சு பல சனிக்கிழமைகளுக்கு நீண்டது. கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று பல ஊர்களிலிருந்தும் வந்த பிள்ளைகளும் பெரியவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் உண்டு. அது எங்கே வருகிறது என்பது வாசிக்கும்போதே தெரியும்.

கொடி வெறும் துணிதானே, எரித்தால் யாருக்கு என்ன நட்டம்?

துணிதான். கடையில் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் தறியிலிருந்து இறங்கிய சீலை அப்படியே கொடித்தம்பத்தில் ஏறுவதில்லை. இடையில் அதில் நந்தியை வரைகிறார்கள், பூசை செய்கிறார்கள், வீதி சுற்றிக் கொண்டுவருகிறார்கள், ஊர் கூடி நிற்கிறது. கொடி ஏறிய பிறகு திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத் தங்காதவர்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சீலை அத்தனை பேரையும் ஊரோடு கட்டி வைக்கிறது.

நாட்டுக் கொடிக்கும் இப்படி ஒரு சடங்கு நடந்திருக்கிறது, ஐயர் இல்லாமல். பாடசாலைக் காலைக்கூட்டம், போரில் இறந்தவரின் பெட்டிமேல் போர்த்துவது, விளையாட்டில் வென்றவர் தோளில் சுற்றிக்கொள்வது எல்லாம் சேர்ந்துதான் அந்தத் துணியைக் கொடியாக்குகின்றன. தாலியை எத்தனை கிராம் என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லையே.

எரிப்பவருக்கும் இது நன்றாகத் தெரியும். வெறும் துணி என்று உண்மையிலேயே நினைப்பவர் நெருப்புப்பெட்டியைத் தேட மாட்டார்.

எரித்தாலே அவமதிப்புத்தானா?

இல்லை. பலருக்கும் ஆச்சரியமாக இருக்கிற இடம் இது. அமெரிக்காவின் கொடி விதிக்கோவை, பறக்கவிட முடியாத அளவுக்குப் பழுதாகிப்போன கொடியைக் கண்ணியமாக அழிக்க வேண்டும், எரிப்பதே நல்லது என்கிறது. ஜூன் 14 அங்கே கொடி நாள். அன்றைக்கு முன்னாள் படைவீரர் சங்கங்கள் பழைய கொடிகளைச் சேர்த்து, வணக்கம் செலுத்தி எரிக்கின்றன. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுக் கொடி விதிகளும் இதையே சொல்கின்றன: கிழிந்த அல்லது அழுக்கான மூவர்ணக் கொடியைத் தனிமையான இடத்தில், முழுதாக, முடிந்தால் எரித்து அழிக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் சட்டத்திலும் நைந்த கொடிக்குத் தீதான் வழி. டென்மார்க்கிலும் பழைய கொடியை வழியனுப்புவது நெருப்பில்தான்.

நமக்கு இது விளங்காத சங்கதியா? பெற்ற தாயையே தீயில் வைக்கிற சனம் நாம். மகன் தாயை 'எரித்தான்' என்று யாரும் சொல்வதில்லை, 'கொள்ளி வைத்தான்' என்கிறோம். அது அவனுடைய கடமை, உரிமை. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையே என்று ஏங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அதே சொல்லை இன்னொரு பக்கம் திருப்பி, 'குடும்பத்துக்கே கொள்ளி வைத்தான்' என்றும் ஏசுகிறோம். அதே கொள்ளி, அதே நெருப்பு. கொடி எரிப்பை விளங்கிக்கொள்ள இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வழி வந்தாயிற்று.

கார்த்திகை விளக்கீட்டுக்குக் கோயில் வாசலில் சொக்கப்பானை எரிக்கிறோம். பாண்டிருப்பில் திரௌபதி அம்மனுக்காகத் தீ மிதிக்கிறார்கள். எங்கள் சந்திப்புக்கு வரும் காத்தான்குடி நண்பர் ஒருவர், பழைய குர்ஆன் பிரதிகளைக் கால் படாத இடத்தில் புதைக்கிற வழக்கத்தைச் சொன்னார். கலீஃபா உஸ்மான் காலத்தில் ஒரே சீரான பிரதியை நிலைநிறுத்தியபோது மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்ன வரலாற்றையும் அவரே எடுத்துச் சொன்னார். அங்கேயும் தீ பயன்பட்டது காப்பதற்காக.

அப்படியானால் மரியாதையையும் அவமதிப்பையும் எதை வைத்துப் பிரிப்பது?

எரிகிற விதத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு கொடியும் ஒரே மாதிரித்தான் கருகும். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பாருங்கள். மடித்துக் கொண்டுவந்தார்களா, இழுத்துக்கொண்டு வந்தார்களா? அந்தக் கொடியின் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கிறார்களா, அதை வெறுப்பவர்கள் நிற்கிறார்களா? கடைசிச் சாம்பலை அள்ளிப் புதைத்தார்களா, மிதித்துவிட்டுப் போனார்களா?

நான் இன்னும் ஒன்று சேர்ப்பேன்: யாருடைய கொடி? தன் வீட்டுப் பிணத்துக்குத் தான் கொள்ளி வைப்பதற்கும், அடுத்தவன் வீட்டுக் கூரையில் கொள்ளி செருகுவதற்கும் உள்ள தூரம் பெரியது.

அமெரிக்காவில் கொடியை எரிப்பது குற்றமில்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் அந்த இடத்துக்கு அவர்கள் சண்டை பிடித்துத்தான் வந்து சேர்ந்தார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்களில் 1967இல் நியூயோர்க்கில் கொடி எரிந்தது. அடுத்த வருஷமே கொடியை அவமதிப்பதைக் குற்றமாக்கி மத்திய அரசு சட்டம் போட்டது. மாநிலங்களிலும் அப்படிச் சட்டங்கள் இருந்தன. 1984இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் குடியரசுக் கட்சியின் மாநாடு நடந்தபோது, ரேகன் அரசை எதிர்த்து ஊர்வலம் போன கிரகரி லீ ஜோன்சன் என்பவர் நகர மண்டபத்துக்கு முன்னால் கொடியை எரித்தார். ஒரு வருஷச் சிறை, 2,000 டொலர் அபராதம். வழக்கு மேலே மேலே போய், 1989 ஜூன் 21 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கொடி எரிப்பு ஒரு கருத்தைச் சொல்லும் செயல், கேட்பவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அரசு ஒரு கருத்தைத் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்த வழக்கில் என்னை மிகவும் தொட்டது ஜோன்சனும் இல்லை, நீதிபதிகளும் இல்லை. அன்றைக்கு வேடிக்கை பார்த்து நின்ற ஒரு மனிதர், கூட்டம் கலைந்த பிறகு எரிந்த கொடியின் மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்தார். யாரையும் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரெனன் இதைக் கவனித்து எழுதினார். எரிக்கப்பட்ட கொடிக்கு அந்த மனிதர் செய்ததைப் போன்ற மரியாதையான அடக்கம்தான் அந்தக் கொடியின் மாண்பைக் காக்கும் வழி என்பது அவர் கருத்து. கூடவே இணங்கிய நீதிபதி கென்னடி, இந்த முடிவு தனக்கு வலிக்கிறது என்பதை மறைக்கவில்லை. தன்னை இகழ்பவரையும் அந்தக் கொடி காக்கிறது என்ற பொருளில் எழுதினார். எதிர்த்து எழுதியவர்களில் ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்தவர். அவருடைய வலியும் பொய்யில்லை.

அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ் உடனே புதிய சட்டம் கொண்டுவந்தது, 1990இல் நீதிமன்றம் அதையும் தள்ளியது. அரசியலமைப்பையே திருத்தலாம் என்று பலமுறை முயன்றார்கள். 2006இல் செனட்டில் 66 வாக்குகள் கிடைத்தன, தேவைப்பட்டது 67. 2025 ஆகஸ்டில் ஜனாதிபதி ட்ரம்ப், கொடி எரிப்பவர்கள்மீது வேறு சட்டங்களின் கீழாவது வழக்குத் தொடரும்படி ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஆனால் ஜனாதிபதியின் ஆணை 1989 தீர்ப்பை அழித்துவிடாது.

சொந்த நாட்டுக் கொடியையே ஒருவர் ஏன் எரிக்கிறார்?

பெரும்பாலும் அந்தக் கொடி தன்னைக் கைவிட்டுவிட்டது என்ற வலியில்தான். 1966இல் கறுப்பின உரிமைப் போராளி ஜேம்ஸ் மெரடித் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்ட சிட்னி ஸ்ட்ரீட் என்ற மனிதர், வீட்டில் மடித்து வைத்திருந்த கொடியை எடுத்துக்கொண்டு போய் நியூயோர்க் தெருமுனையில் எரித்தார். கொடியை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தவர் அவர் என்பதை மறக்கக்கூடாது.

ஒகினாவாவின் கதை நமக்கு இன்னும் கிட்ட வரும். யப்பானின் தெற்கே உள்ள தீவு அது. தனி மொழியும் தனி அரசும் இருந்த இடம், பிறகு யப்பானோடு சேர்க்கப்பட்டது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யொமிதான் கரையில் இறங்கியபோது, சிபிசிரி என்ற குகைக்குள் ஒளிந்திருந்த ஊர்ச்சனம், பிடிபட்டால் கொடூரமாகக் கொல்வார்கள் என்று சொல்லப்பட்டதை நம்பி ஒருவரை ஒருவர் கொன்று தாமும் செத்தார்கள். 80 பேருக்கும் மேல், அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள். பல பத்தாண்டுகள் ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் சிறிய சந்தைக்கடை நடத்திய சிபானா ஷோயிச்சி உள்ளிட்ட சிலர், தப்பியவர்களிடம் போய் மெல்ல மெல்லக் கேட்டு அந்தக் கதையை வெளியே கொண்டுவந்தார்கள்.

1987 அக்டோபர் 26 அன்று தேசிய விளையாட்டு விழாவின் ஒரு பகுதி யொமிதானில் நடந்தது. ஊரில் பலருடைய எதிர்ப்பையும் மீறி அங்கே யப்பானின் சூரியக்கொடி ஏற்றப்பட்டது. சிபானா ஏறிப்போய் அதை இறக்கி எரித்தார். அந்தக் கொடியின் பெயரில்தான் குகைக்குள் பிள்ளைகள் செத்தார்கள் என்பது அவருடைய கணக்கு. தன் கொடியை அவமதித்தால் தண்டிக்கும் தனிச்சட்டம் அப்போது யப்பானில் இல்லை. பொருளைச் சேதப்படுத்தியது என்ற குற்றத்துக்காகத்தான் அவரைத் தண்டித்தார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே நடந்தது வேறு. அவருடைய கடையைத் தாக்கினார்கள். குகை வாசலில் இறந்தவர்கள் நினைவாக வைத்திருந்த சிலையையும் உடைத்தார்கள்.

இதை வாசிகசாலையில் நான் சொல்லி முடித்தபோது ஒரு அம்மா எழுந்து, "செத்த பிள்ளைகள்ட சிலையை ஏன் உடைச்சாங்க? அதுக்கும் கொடிக்கும் என்ன?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பிற நாட்டுக் கொடியை எரிப்பதன் பொருள் என்ன?

உன்னை எதிர்க்கிறேன் என்பதைத் தூரத்தில் இருப்பவர் காதிலும் விழச் செய்வது. 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் அமெரிக்க, இஸ்ரேல் கொடிகளை எரிப்பது அரச ஊர்வலங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு செயல் வழக்கமாகிவிட்டால் அதில் சூடு குறைந்துபோகும் என்பது என் எண்ணம்.

2006இல் நடந்தது வேறு மாதிரி. டென்மார்க் பத்திரிகை ஒன்று நபிகளைக் கேலிச்சித்திரமாக வரைந்ததை எதிர்த்துப் பல முஸ்லிம் நாடுகளில் டென்மார்க்கின் கொடியை எரித்தார்கள். எரித்தவர்களுக்கு அது ஓர் அரசின் கொடி. டென்மார்க் மக்களுக்கோ 1219இல் ஒரு போர்க்களத்தில் வானத்திலிருந்து விழுந்ததாக ஐதீகம் உள்ள கொடி, பிறந்தநாள் கேக்கிலும் கிறிஸ்மஸ் மரத்திலும் குத்துகிற கொடி. போதாக்குறைக்கு அதில் இருப்பது சிலுவை. ஒரு பக்கம் வீசிய கல் எதிர்ப்பக்கத்தில் எங்கே போய் விழும் என்பது வீசுபவருக்குத் தெரிவதில்லை.

சட்டங்களிலும் ஒரு விசித்திரம் உண்டு. டென்மார்க்கில் தன் நாட்டுக் கொடியை எரித்தால் குற்றமில்லை, பிற நாட்டுக் கொடியை எரித்தால் குற்றம். சிபானாவுக்கு யப்பானில் இருந்த நிலையும் அதுதான்: பிற நாட்டுக் கொடிக்குத் தண்டனைச் சட்டக்கோவையில் இடம் இருந்தது. தன் வீட்டுக்குள் என்ன சண்டையும் போடு, அயலவன் வாசலில் போய்ப் போடாதே என்ற மாதிரி. ஜெர்மனி தன் கொடியையும் காக்கிறது. 2020இல் வெளிநாட்டுக் கொடிகளையும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியையும் பொது இடத்தில் எரிப்பதற்கு எதிரான சட்டத்தை இறுக்கியது.

இந்தியாவிலும் சீனாவிலும் தன் நாட்டுக் கொடியை எரித்தால் மூன்று வருஷம்வரை சிறை.

அயலவரின் கொடியை எரிப்பது பற்றி என்ன சொல்கிறீர்கள்?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

வட அயர்லாந்தில் ஒவ்வொரு ஜூலை 11 இரவும் புரொட்டஸ்தாந்துப் பகுதிகளில் மரப்பலகைகளை மாடிவீட்டு உயரத்துக்கு அடுக்கிக் கொளுத்துகிறார்கள். 1690இல் அரசர் வில்லியம் பெற்ற வெற்றியைக் கொண்டாடும் இரவு அது. அந்த அடுக்கின் உச்சியில் பல இடங்களில் அயர்லாந்தின் மூவர்ணக் கொடியைக் கட்டி எரிக்கிறார்கள். அங்கே எரிவது எங்கோ இருக்கிற ஒரு நாட்டின் கொடி இல்லை. அதே நகரத்தில் இரண்டு தெரு தள்ளி வாழ்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கொடி என்று நெஞ்சில் வைத்திருப்பது. சன்னலைச் சாத்திக்கொண்டு அந்தப் பிள்ளைகள் அன்றிரவு என்ன நினைப்பார்கள் என்றுதான் எனக்கு யோசனை போகும். அந்தக் கொடியில் இன்னும் ஒன்று இருக்கிறது. பச்சை கத்தோலிக்கருக்கு, செம்மஞ்சள் புரொட்டஸ்தாந்தருக்கு, நடுவில் வெள்ளை இருவருக்கும் சமாதானம். எரிப்பவர்களுடைய நிறமும் அதில் சேர்ந்தே எரிகிறது.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுவரை பஸ்ஸில் போனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு மதகைத் தாண்டினால் சைவர்களின் நந்திக்கொடி, அடுத்த மதகைத் தாண்டினால் முஸ்லிம்களின் பச்சைக்கொடி, உள்ளே அம்பாறைப் பக்கம் திரும்பினால் பௌத்தக்கொடி. இங்கே கொடி என்பது அநேகமாக ஒரு ஊரின் பெயர்ப்பலகை. அதை எரித்தால் அந்த ஊரையே எரிக்கப் போகிறோம் என்று சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்ள நியாயமும் உண்டு, ஏனென்றால் இந்தக் கரையில் ஊர்கள் உண்மையிலேயே எரிந்திருக்கின்றன. 1990இல் எங்கள் வீடும் எரிந்தது. ஓடு வெடிக்கிற சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். அதனால் அரசைக் கேள்வி கேட்டு ஒருவன் தன் நாட்டுக் கொடியில் தீ வைப்பதை என்னால் நின்று விவாதிக்க முடிகிறது. அயலவன் கொடியில் தீ வைப்பதை முடியவில்லை.

மத வாசகம் உள்ள கொடிகளை எப்படிப் பார்ப்பது?

சவூதி அரேபியக் கொடியில் இஸ்லாத்தின் நம்பிக்கை உறுதிமொழியான கலிமா எழுதப்பட்டிருக்கிறது. அதனால் துக்க நாளிலும் அதை அரைக்கம்பத்துக்கு இறக்குவதில்லை. 1994 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் போட்டி நாடுகளின் கொடிகளை உணவுப் பைகளில் அச்சடித்தது. குப்பைக்குப் போகிற பையில் கலிமாவா என்று எதிர்ப்பு எழுந்து, அந்தப் பைகளைக் கைவிட்டார்கள். சவூதி அரசோடு ஒருவருக்குக் கோபம் இருக்கலாம். ஆனால் அந்தக் கொடியில் தீ வைத்தால் அது அந்த அரசைத் தாண்டி இங்கே கல்முனைக்குடியில் இருக்கிற முஸ்லிமுக்கும் சுடும்.

கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடக்கிறது. பள்ளியில் கொடி ஏறுவதும் கோயிலில் கொடி ஏறுவதும் ஒரே மணலில்தான். கொடியேற்றம் என்ற சொல்லும் இரண்டுக்கும் ஒன்றேதான்.

தமிழ்நாட்டில் கொடி எரிப்புப் போராட்டம் நடந்ததா?

அறிவிக்கப்பட்டது. இந்தித் திணிப்பை எதிர்த்து 1955 ஆகஸ்ட் 1 அன்று தேசியக்கொடியை எரிக்கப் போவதாகப் பெரியார் அறிவித்தார். முதலமைச்சர் காமராசர் இந்தி திணிக்கப்படாது என்று உறுதி கொடுத்ததும் போராட்டத்தை ஒத்திவைத்தார். எரியாத கொடியே வேண்டியதைப் பெற்றுத் தந்தது. பிறகு 1957 நவம்பர் 26 அன்று, சாதியைக் காக்கிறது என்று சொல்லி அரசியலமைப்புச் சட்டத்தின் பகுதிகளைத் திராவிடர் கழகத்தினர் ஆயிரக்கணக்கில் எரித்துச் சிறை போனார்கள்.

எரித்துப் பேசுவது இதற்கு முன்பும் உண்டு. 1908இல் ஜொகன்னஸ்பேர்க்கில் ஹமீதியா பள்ளிவாசல் முற்றத்தில் காந்தியும் தோழர்களும் 2,000க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்களை எரித்தார்கள். தங்கள் பெயரில் இருந்த தாள்களைத் தாங்களே எரித்தார்கள் என்பதால்தான் அந்தத் தீயை இன்றைக்கும் யாரும் குறை சொல்வதில்லை. கொடும்பாவி எரிப்பதையும் மறக்க வேண்டாம். மழை பொய்த்த காலத்தில் கொடும்பாவி கட்டி இழுத்து எரித்த கிராமத்து வழக்கம்தான் பிற்காலத்தில் அரசியல் ஊர்வலத்துக்குள் வந்தது. ஊரின் பாவத்தை ஒரு வைக்கோல் உருவத்தில் ஏற்றி அனுப்பிய சடங்கு, பிறகு ஒரு அமைச்சரின் முகத்தை ஏற்றுக்கொண்டது.

இலங்கைத் தமிழர் ஏன் எரிப்பதைவிடக் கறுப்புக்கொடியை அதிகம் கையில் எடுத்தார்கள்?

எரிப்பு ஒன்றை இல்லாமல் ஆக்குகிறது. கறுப்புக்கொடி, எங்கள் வீட்டில் துக்கம் என்று சொல்கிறது. சத்தியாக்கிரக வழியில் வந்தவர்களுக்கு இரண்டாவதுதான் பொருந்தியது. 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தில், திருகோணமலையில் கறுப்புக்கொடி ஏற்றப்போன நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1961இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துக் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகங்களின் வாசலில் உட்கார்ந்தபோது மட்டக்களப்பிலும் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரி முன்னால் சனம் உட்கார்ந்தது. 2023 பெப்ரவரி 4ஐக் கரிநாள் என்று அறிவித்து யாழ்ப்பாணத்திலிருந்து நடந்த பல்கலைக்கழக மாணவர்கள் மட்டக்களப்பில் வந்துதான் முடித்தார்கள்.

அடையாளத்தை அழிக்கிற வேலையும் நடக்காமல் இல்லை. 1958இல் வாகன இலக்கத்தகட்டில் இருந்த சிங்கள 'ஸ்ரீ'யின்மேல் தமிழர் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துப் பலகைகளின்மேல் தார் பூசினார்கள். அந்த வருஷம் மே மாதம் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் பூசிய தாரும் கலவரத்தின் தீயும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவருடைய எழுத்தை அழித்தால் அவர் தன்னையே அழிப்பதாகத்தான் உணர்கிறார் என்பதை அந்த வருஷம் காட்டியது.

சிங்கக்கொடியைக் கொண்டுவரச் சொன்னவர் மட்டக்களப்பு எம்.பி. என்கிறார்களே?

ஆம். 1948 ஜனவரி 16 அன்று, கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக்கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஆக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. தமிழ் பேசும் முஸ்லிம். அந்த அரசன் நாயக்க வம்சத்தவன், சிறைப்பட்டு வேலூரில் இறந்தவன்.

கொடியை முடிவுசெய்யக் குழு அமைத்தார்கள். 1951இல் முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழருக்குச் செம்மஞ்சள் என்று இரண்டு கோடுகளைச் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள். குழுவில் இருந்த செனட்டர் நடேசன் இணங்காமல் தன் கருத்தைத் தனியாக எழுதினார். 1972இல் நான்கு மூலைகளிலும் அரசிலை வந்தது. பிள்ளைகளிடம் கொடியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கதை முழுவதையும் சொல்லுங்கள். ஒரு கொடிமேல் கோபம் இருந்தாலும் மரியாதை இருந்தாலும், அது எப்படித் தைக்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கையில் சட்டம் என்ன சொல்கிறது?

தேசியக்கொடிக்கு அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரையிலேயே இடம் இருக்கிறது. மதக் கொடிகள் என்றால் தண்டனைச் சட்டக்கோவையின் 291ஆ பிரிவு நினைவில் இருக்கட்டும். ஒரு சமூகத்தின் மத உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே செய்யும் அவமதிப்பு அதில் குற்றம். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம் போங்கள், என்னிடம் வரவேண்டாம்.

நம் மரபில் நியாயமான கோபத்தீ என்று ஒன்று இல்லையா?

இருக்கிறது. கண்ணகிக்கு மேலே யாரைச் சொல்வது? அநியாயமாகக் கொல்லப்பட்ட கணவனுக்காக மதுரையையே எரித்தவள். அப்போதும் குழந்தைகளையும் முதியவர்களையும் தொடாதே என்று தீயிடம் சொன்னவள்.

ஆனால் மதுரை எரிந்த கதையை மட்டக்களப்பு எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று ஊர் ஊராக வைகாசியில் கண்ணகி அம்மன் கதவு திறந்து, நாட்கணக்கில் சடங்கு செய்து, கடைசி இரவில் குளிர்த்தி பாடுகிறோம். எரித்துவிட்டு வந்தவளை, உன் கோபம் நியாயம்தான் தாயே, இப்போது குளிர்ந்துகொள் என்று ஊரே சேர்ந்து தண்ணீரும் வேப்பிலையுமாகக் குளிரவைக்கிறது. அதே தாயைச் சிங்கள மக்கள் பத்தினி தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். கோபப்பட்டது தப்பு என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. யாராவது ஒரு கொடியை எரித்தால், எரித்தவனைப் பிடித்து அடைப்பதற்கு முன்னால் அவனுக்கு என்ன சுட்டது என்று கேட்கிற பழக்கம் எனக்கு அந்தக் குளிர்த்திப் பாட்டிலிருந்துதான் வந்தது.

எங்கள் பாடசாலையில் பழைய கொடி கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பருத்திச் சீலையாக இருந்தால் கழுவி, காயவைத்து, மடித்து, சனம் கூடாத இடத்தில் பெரியவர்கள் முன்னிலையில் எரித்துச் சாம்பலைப் புதைக்கலாம். நைலோன், பொலியெஸ்டர் என்றால் எரிக்க வேண்டாம். அது உருகிச் சொட்டும், கையில் விழுந்தால் தோலோடு ஒட்டும், புகையும் கெடுதி. அதை மடித்துத் தாளில் சுற்றிப் புதைப்பதே நல்லது. காகிதக் கொடிகளையும் தெருவில் விடக்கூடாது.

முதல் கேள்வியைக் கேட்ட அந்தப் பையன் போன பெப்ரவரி 4 மாலையில் ஒரு உரப்பையோடு வந்தான். கல்லடிப் பாலத்துப் பக்கம் வீதியில் மிதிபட்டுக் கிடந்த காகிதக் கொடிகளையெல்லாம் பொறுக்கியிருந்தான். நிறையச் சிங்கக்கொடிகள், கூடவே எந்தக் கோயில் திருவிழாவிலிருந்தோ பறந்து வந்த இரண்டு நந்திக்கொடிகள், ஒரு பச்சைக்கொடி. தனித்தனியாகப் பிரித்து அடுக்கிவிட்டு, "பச்சைக்கொடியை நாம எரிக்கலாமா சேர், இல்லாட்டி காத்தான்குடி அங்கிளிட்டக் கேக்கவா?" என்றான். கேள் என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.